வலக்கையில் நாடி இல்லை: ஜே.ஆர். ரிச்சர்ட் நிகழ்வும் தொராசிக் அவுட்லெட் சிகிச்சையும்

1980 ஜூலை 30. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் மைதானம். ஆறடி எட்டு அங்குல உயரமுள்ள பேஸ்பால் வீரர் ஒருவர் இன்னொருவரோடு பந்தை வீசிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் இல்லை, உடம்பைச் சூடேற்றும் பயிற்சிதான். முதலில் தலை வலித்தது. பிறகு இடப்பக்கம் தளர்ந்தது. அப்படியே தரையில் சரிந்தார்.

அவர் ஜே.ஆர். ரிச்சர்ட். வயது 30. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் முதன்மைப் பந்து எறிபவர். பல வாரமாக அவர் சொல்லிவந்த குறை வலக்கையில் இருந்தது. விழுந்துபோனதோ இடப்பக்கம். வலக்கைக் கோளாறு எப்படி இடப்பக்கத்தை வீழ்த்தியது என்று புரிந்துகொண்டால், கழுத்தடியிலிருந்து கைக்குப் போகும் நரம்போ ரத்தக்குழாயோ வழியில் நசுங்கும் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் (சுருக்கமாக டி.ஓ.எஸ்.) என்ற நோயில் எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதும் புரிந்துவிடும்.

நான் பிசியோதெரபிஸ்ட். "கழுத்திலிருந்து கை வரைக்கும் இழுக்குது, மரத்துப்போகுது" என்று வருகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் தருவது உடற்பயிற்சி, அதுவே சரியும்கூட. ஆனால் இதே பெயர் கொண்ட நோயின் இன்னொரு வடிவத்தில் அதே உடற்பயிற்சி ஆளையே சாய்த்துவிடும். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ரிச்சர்டின் நிகழ்வைத்தான் எடுக்கிறேன். அவர் புகழ்பெற்றவர் என்பதால் நாள்வாரியாக எல்லாம் பதிவாகியிருக்கிறது. நரம்பியல் மருத்துவர்கள் 1986இல் மருத்துவ இதழிலும் இதை எழுதிவைத்தார்கள்.

கையின் கதை

1971இல் தன் முதல் பெரிய ஆட்டத்திலேயே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் 15 பேரை வெளியேற்றியவர் ரிச்சர்ட். 1978இல் ஒரே பருவத்தில் 303 பேரையும், அடுத்த ஆண்டு 313 பேரையும் பந்தைத் தொடவிடாமல் அனுப்பினார். அவர் எறிந்த பந்து மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வந்தது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்த எண் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கிரிக்கெட் பந்து வீச்சாளருக்கு ஓட்டமும் நீட்டிய முழங்கையும் துணை நிற்கின்றன. பேஸ்பாலில் எறிபவர் நின்ற இடத்திலிருந்து கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி, முழுவிசையும் தோளில் ஏற்றி எறிகிறார். ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல்கூட அப்படி எறிவதுண்டு.

1980 பருவம் அவருக்கு இன்னும் நன்றாகவே தொடங்கியது: 10 வெற்றி, 4 தோல்வி. ஆனால் ஆட்டத்தின் நடுவே கை 'செத்துப்போகிறது' என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் சில எறிதல்களில் ஒன்றும் தெரியாது. எறிய எறியக் கை இறுகும், தோலின் நிறம் மாறும், விரல்கள் மரக்கும். ஓய்வெடுத்தால் திரும்பிவிடும். ஜூலை 8 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நட்சத்திர வீரர்களின் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவரே அவர்தான். இரண்டு இன்னிங்ஸ் எறிந்தார் (பேஸ்பால் ஆட்டம் ஒன்பது சுற்று, ஒவ்வொரு சுற்றும் ஓர் இன்னிங்ஸ்). ஜூலை 14 அன்று அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் பிடிப்பாளரின் விரல் சைகைகள் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. 4ஆவது இன்னிங்ஸில் வெளியேறினார்.

நல்லாத்தானே எறிகிறான், அப்புறம் என்ன வலி என்ற பேச்சு எழுந்தது. சோம்பல் என்று எழுதினார்கள், நடிப்பு என்றார்கள். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மனம் கனக்கும். உழைத்தால் வரும், ஓய்ந்தால் போகும் வலி என்பது நடிப்பின் அடையாளமே இல்லை. தமனி குறுகியிருப்பதன் பாடப்புத்தக அடையாளம் அது. காலில் அப்படி வந்தால், நூறு அடி நடந்ததும் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது என்று நோயாளி சொன்ன அடுத்த நொடி பாதத்தில் நாடி பார்க்கிறோம். கையில் வந்தபோது அந்தக் கணக்கு பலருக்கும் தோன்றவில்லை.

ஜூலை 23 முதல் மருத்துவமனையில் வைத்துச் சோதித்தார்கள். ஜூலை 25 அன்று எடுத்த ஆஞ்சியோகிராமில் விடை கிடைத்தது. வலக்கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனியின் கடைப்பகுதியும், அதன் தொடர்ச்சியாக அக்குளில் ஓடும் அக்சிலரி தமனியும் அடைபட்டிருந்தன. இடக்கையில் ரத்த அழுத்தம் சாதாரணம். வலக்கையில் அது ஏறக்குறைய இல்லை. ஜூலை 29 அன்று கழுத்துத் தமனிகளின் ஓட்டத்தைப் பார்த்து, அது சரியாக இருக்கிறது, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று முடிவானது. மறுநாள்தான் அந்தப் பயிற்சி.

வலக்கை அடைப்பு மூளைக்குப் போன வழி

கழுத்தின் அடியில், காறையெலும்புக்கு மேலே விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். அந்தக் குழிக்குள்தான் எல்லாம் இருக்கிறது. கழுத்திலிருந்து இறங்கும் முன் ஸ்கேலீன், நடு ஸ்கேலீன் என்ற இரு தசைகள் முதல் விலா எலும்பில் வந்து பற்றுகின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள முக்கோண இடுக்கில் கைக்குப் போகும் நரம்புப் பின்னலும் சப்கிளேவியன் தமனியும் நுழைகின்றன. சிரை முன் ஸ்கேலீனுக்கு முன்னால் தனியாக ஓடுகிறது. பிறகு மூன்றும் சேர்ந்து முதல் விலாவுக்கும் காறையெலும்புக்கும் இடையிலுள்ள சந்தில் நுழைந்து, மார்பின் சிறு பெக்டோரல் தசைக்கு அடியில் புகுந்து அக்குளுக்குள் போகின்றன. கையைத் தூக்கினால் இந்தச் சந்து கத்தரிக்கோல்போல் மூடும்.

நசுங்குவது எது என்பதைப் பொறுத்து நோய் மூன்றாகப் பிரிகிறது. நூறு பேரில் 90க்கும் மேற்பட்டோருக்கு நரம்பு நசுங்குகிறது. மூன்று முதல் ஐந்து பேருக்குச் சிரை. தமனி வகை நூற்றில் ஒருவருக்கு வந்தால் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. என்னைக் கேட்டால் இவை ஒரே வாசலில் நிற்கும் மூன்று வேறு நோய்கள்.

தமனி வகையில் நடப்பது இது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை நசுங்கும் குழாயின் உட்சுவர் சிராய்க்கிறது. நசுங்கிய இடத்தைத் தாண்டியதும் குழாய் புடைக்கிறது. சிராய்ப்பிலும் புடைப்பிலும் ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டியின் துணுக்குகள் விரல்களை நோக்கி ஓடி அங்கே சிறு தமனிகளை அடைக்கும். விரல்நுனி நீலம் பாரிப்பதும், குளிர்வதும், ஆறாத புண் வருவதும் இதனால்தான். கடைசியில் குழாய் முழுதும் அடைபட்டாலும் கை உடனே அழுகிவிடாது. தோளைச் சுற்றியுள்ள கிளைத் தமனிகள் சுற்றுவழியாக ரத்தம் கொண்டுபோகும். சும்மா உட்கார்ந்திருக்கும் கைக்கு அது போதும், எறியும் கைக்குப் போதாது. ஓய்வில் பார்த்தவர்கள் ஏமாந்ததற்கு இந்தச் சுற்றுவழிதான் காரணம் என்று நினைக்கிறேன். கையைக் காப்பாற்றிய அதே கிளைகள் ஆபத்தை மறைத்தும்விட்டன.

இனி அந்த முரண். வலப்பக்கத்தில் சப்கிளேவியன் தமனியும், மூளைக்குப் போகும் வலக் கரோட்டிட் தமனியும் ஒரே தண்டிலிருந்து இரண்டாகப் பிரிகின்றன. முன்னே வழி அடைபட்ட குழாயில் ரத்தம் தேங்கும். தேங்கிய இடத்தில் உறைகட்டி பின்னோக்கி வளரும். வளர்ந்து வளர்ந்து அந்தக் கவட்டைத் தொட்டால், அங்கிருந்து கரோட்டிடுக்குள் ஓர் எட்டுத்தான். வல மூளை உடம்பின் இடப்பக்கத்தை ஆள்கிறது. அதனால்தான் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விழுந்தது. இடப்பக்கத்தில் இந்தக் கவடு கிடையாது. அங்கே கரோட்டிடும் சப்கிளேவியனும் பெருந்தமனி வளைவிலிருந்தே தனித்தனியாகக் கிளம்புகின்றன.

அன்றிரவே அவசர அறுவை செய்து கழுத்துத் தமனியிலிருந்து கட்டியை எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். பின்னர் எடுத்த மூளை சிடி ஸ்கேனில் ஒன்றல்ல, வெவ்வேறு அடைப்புகளால் மூன்று பக்கவாதங்கள் வந்துபோன தடம் தெரிந்தது. அட்லாண்டா ஆட்டத்தில் பிடிப்பாளரின் விரல்கள் தெரியாமல் போனதை நினைக்கும்போதெல்லாம் இந்த மூன்று என்ற எண் எனக்கு நினைவுக்கு வருகிறது. அது அவற்றில் ஒன்றா என்று யாராலும் அறுதியிட முடியாது. ஆனால் கையில் குறையுள்ளவர் கண்ணில் குறை சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

அன்று கையில் என்ன சிகிச்சை இருந்தது

அந்தக் காலத்தில் வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. கழுத்து விலாவை, அதாவது சிலருக்குக் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து கூடுதலாக முளைக்கும் எலும்பை, லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஹோம்ஸ் கூட் 1861இலேயே வெட்டியெடுத்திருந்தார். 1927இல் ஆட்சன் முன் ஸ்கேலீன் தசையை வெட்டிவிடும் அறுவையை எழுதினார். தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்ற பெயர் 1956இல் வந்தது. அந்தப் பெயரோடு எழுதிய கட்டுரையிலேயே அதற்கான உடற்பயிற்சித் திட்டமும் இருந்தது. 1963இல் ஃபோகார்ட்டி பலூன் வந்தது. நுனியில் சிறு பலூன் கட்டிய குழாயைத் தமனிக்குள் விட்டு, ஊதி, கட்டியை இழுத்தெடுக்கும் முறை அது. 1966இல் டேவிட் ரூஸ் அக்குள் வழியாக முதல் விலாவை எடுக்கும் முறையை வெளியிட்டார். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் அந்தப் பலூனுக்கும் முந்தியது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் எறிவீரர் ஒயிட்டி ஃபோர்ட் 1960களிலேயே எறியும் கையின் ரத்த ஓட்டத்துக்காக அறுவை செய்துகொண்டவர். அவர் இடக்கைக்காரர்.

ஆக 1980இல் கத்தியும் இருந்தது, பலூனும் இருந்தது, மருந்தும் இருந்தது. ஜூலை 25இன் ஆஞ்சியோகிராமும் இருந்தது. பின்னோக்கி வளரும் கட்டி அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று அந்தப் படத்தைப் பார்த்த எந்த மருத்துவருக்கும் முடிவெடுப்பது எளிதாக இருந்திருக்காது. இருந்தும் ஒரு கையில் அழுத்தமே இல்லாத 30 வயது எறிவீரரை, உறைதடுப்பு மருந்தும் முழு ஓய்வும் இல்லாமல் வெளியே விடுவதை இன்று எந்த ரத்தக்குழாய் அறுவை நிபுணரும் ஏற்கமாட்டார்.

இன்று இதே ஆள் வந்தால் நடக்க வேண்டியது இது. எறிவதை அந்த நிமிடமே நிறுத்துவது. டாப்ளர் ஸ்கேனும் சிடி ஆஞ்சியோவும், கையைத் தாழ்த்தியும் உயர்த்தியும். உடனே ஹெப்பாரின். கட்டி புதிது என்றால் குழாய் வழியே கரைக்கும் மருந்து, இல்லையென்றால் பலூனால் எடுப்பது. அதே கையோடு, நசுக்கும் எலும்பை எடுப்பது: முதல் விலா, கழுத்து விலா இருந்தால் அதுவும். தமனி புடைத்தோ கிழிந்தோ இருந்தால் அந்தத் துண்டை வெட்டி, காலிலிருந்து எடுத்த சிரையையோ செயற்கைக் குழாயையோ வைத்துத் தைப்பது. எலும்பை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் சரிசெய்தால் அதே இடம் மறுபடி நசுங்கும். குழாயை விட்டுவிட்டு எலும்பை மட்டும் எடுத்தால் உள்ளிருக்கும் கட்டி தன் வேலையைத் தொடரும். தமனி வகையில் இரண்டும் சேர்ந்துதான் சிகிச்சை. காத்திருந்து பார்க்கலாம், பயிற்சி செய்து பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

நரம்பு வகைக்கு வேறு நியாயம்

என் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை. கொடியில் துணி காயப்போடும்போது கை ஓய்ந்துவிடுகிறது, தலைவாரி முடிப்பதற்குள் இரண்டு தடவை கையை இறக்க வேண்டியிருக்கிறது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் சுண்டுவிரல் மரக்கிறது என்பார்கள். இரவில் மரத்த கையை உதறிக்கொண்டே எழுந்து உட்காருவதாகச் சொல்வார்கள். பல பேர் அதற்குள் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டு, கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள்.

முதலில் நோயாளியின் பின்னால் நின்று இரு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறேன். கட்டைவிரல் பக்கம், எலும்புக்கு உள்ளே, மூன்று விரலால். இரு நாடியும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு துடிக்கின்றனவா என்பது பத்து நொடியில் தெரிந்துவிடும். பிறகு இரு கையிலும் ரத்த அழுத்தம். இரண்டுக்கும் 20க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பயிற்சி எதையும் தொடங்காமல் ரத்தக்குழாய் மருத்துவருக்கு எழுதி அனுப்பிவிடுகிறேன். அடுத்ததாக ரூஸ் சோதனை: இரு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, மூன்று நிமிடம் விரலை விரித்து மூடச் சொல்வது. நலமானவருக்குக் களைப்பு வரும். இந்த நோய் உள்ளவர் பாதியில் கையைப் போட்டுவிடுவார்.

இதில் ஒரு பிசகு நடக்கிறது, சொல்லியாக வேண்டும். கையைத் தூக்கும்போதோ கழுத்தைத் திருப்பும்போதோ மணிக்கட்டு நாடி மறைவது நலமானவர்களிலும் நிறையப் பேருக்கு உண்டு. அதை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. கை சும்மா தொங்கும்போதே நாடி இல்லை என்பதுதான் அபாயம்.

நரம்பு வகையை உறுதிப்படுத்த ஒற்றைச் சோதனை எதுவும் கிடையாது. நரம்புக் கடத்தல் சோதனை பல பேருக்குச் சாதாரணமாகவே வரும். அதனால் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். கழுத்துத் தட்டு விலகல், மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல், முழங்கையில் அல்நார் நரம்பு அழுத்தம், சர்க்கரையால் வரும் நரம்புச் சேதம், தோள் மூட்டுக் கோளாறு. புகைபிடிப்பவர் என்றால் நுரையீரலின் உச்சியில் வரும் புற்றுக்கட்டியும் இதே நரம்புகளை அழுத்தும். ஆகவே மார்பு எக்ஸ்ரே இல்லாமல் நகரக் கூடாது. அந்த எக்ஸ்ரேயிலேயே கழுத்து விலா இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ அந்த எலும்பு இருக்கும். இருக்கிற எல்லோருக்கும் தொல்லை வராது.

பயிற்சி என்றதும் டம்பெல்லைத் தூக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சில வாரம் அதற்கு நேர் எதிர். மேல்நெஞ்சால் மூச்சிழுப்பவருக்கு ஸ்கேலீன் தசை நாளெல்லாம் வேலை செய்கிறது, அது விலாவை மேலே இழுத்துச் சந்தைச் சுருக்குகிறது. எனவே முதல் பாடம் வயிற்றால் மூச்சுவிடுவது. பிறகு சிறு பெக்டோரலையும் ஸ்கேலீனையும் மெல்ல நீட்டுவது, தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளுக்கு வலுவேற்றுவது, நரம்பை இழுக்காமல் வழுக்கவிடும் அசைவுகள். வேலை செய்யும் மேசையின் உயரம், ஒரே தோளில் தொங்கும் பை, கவிழ்ந்து கைகளைத் தலைக்கு மேல் போட்டுத் தூங்கும் பழக்கம், இவற்றை மாற்றாமல் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. குறைந்தது ஆறு வாரம், நியாயமாக மூன்று மாதம் பார்க்க வேண்டும். கழுத்தை வெட்டித் திருப்பிச் சுளுக்கெடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தமனியில் கட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

கூடைப்பந்தில் மார்கெல் ஃபுல்ட்ஸ் இந்த வழியில் திரும்பியவர். 2017இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வாகி பிலடெல்பியா அணிக்குப் போனவருக்குப் பந்தைக் கூடைக்குள் எறியும் கையே மறந்துபோனதுபோல் ஆனது. மனப் பிரச்சினை என்று ஊர் முழுக்கப் பேசியது. 2018 டிசம்பரில் நரம்பு வகை டி.ஓ.எஸ். என்று கண்டறிந்தார்கள். அறுவை இல்லாமல் பிசியோதெரபி. 2019 அக்டோபரில் ஒர்லாண்டோ அணிக்காக மறுபடி களமிறங்கினார். நாற்பது ஆண்டு இடைவெளியில் ரிச்சர்டுக்குக் கிடைத்த அதே ஏச்சு இவருக்கும் கிடைத்தது.

பயிற்சி போதாதபோது ஸ்கேலீன் தசைக்குள் மரப்பு ஊசி போடலாம். ஸ்கேன் பார்த்தபடியே போடுகிறார்கள். அது சில மணி நேரம் வலியைக் குறைத்தால், நசுங்கும் இடம் அதுதான் என்பதற்கும் அறுவை பலன் தர வாய்ப்பு உண்டு என்பதற்கும் குறிப்பு. சிகிச்சையை விட வழிகாட்டியாகவே அந்த ஊசி மதிப்புள்ளது. போட்டாக்ஸ் ஊசியும் போடப்படுகிறது. 2011இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அது உப்புநீர் ஊசியை விடத் தெளிவாக மேலானது என்று நிரூபணமாகவில்லை. எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

உள்ளங்கையில் கட்டைவிரல் மேடு வற்றிப்போயிருந்தால் மட்டும் மூன்று மாதக் கணக்கெல்லாம் வேண்டாம். தசை கரைகிறது என்றால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. அவருக்குச் சீக்கிரம் அறுவைதான் வழி.

சிரை அடைத்தால்

ஜிம்மில் பளு தூக்கிய மறுநாள், நீச்சல் அடித்த மாலை, ஒரு கை முழுக்க வீங்கி நீலமாகிவிட்டது, தோளிலும் மார்பிலும் சிரைகள் புடைத்துத் தெரிகின்றன என்று ஓர் இளைஞர் வந்தால் அது தசைப்பிடிப்பு இல்லை. சப்கிளேவியன் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே பேஜெட்டும் ஷ்ரோட்டரும் விவரித்த நோய் இது. கட்டியின் துண்டு நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது இங்கே கொடிய தவறு.

உறைதடுப்பு மருந்தை உடனே தொடங்க வேண்டும். வந்து இரண்டு வாரத்துக்குள் என்றால், சிரைக்குள் குழாய் விட்டு மருந்தால் கட்டியைக் கரைக்கலாம். தள்ளிப்போகப் போக அது கரையாது. பிறகு முதல் விலாவை எடுப்பது. முன்பு மூன்று மாதம் காத்திருந்து எடுத்தார்கள். இப்போது பல மையங்களில் அதே தங்கலிலோ சில வாரத்துக்குள்ளோ எடுத்துவிடுகிறார்கள். விலா இருக்கும்போது சிரைக்குள் ஸ்டென்ட் வைக்கக் கூடாது. இரண்டு எலும்புக்கு நடுவே கிடக்கும் கம்பிவலை நசுங்கி முறிந்துவிடும். மருந்து மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்வோரும் உண்டு. வயதானவருக்கு, கையால் கடும் உழைப்பு இல்லாதவருக்கு அது ஏற்கத்தக்கதுதான். இருபது வயதில் கையை நம்பிப் பிழைப்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

விலாவை எடுப்பது

அக்குள் வழியாகப் போனால் தழும்பு மறையும், விலா நன்றாகத் தெரியும், ஆனால் தமனியைத் தைக்க இடம் போதாது. காறையெலும்புக்கு மேலே திறந்தால் தசை, நரம்பு, தமனி மூன்றையும் நேரில் பார்த்து விடுவிக்கலாம். சிரைக்குக் காறையெலும்பின் கீழேயும் திறப்பார்கள். ரோபோ வழியும் வந்துவிட்டது. எந்த வழி என்பதைவிட, இந்த அறுவையை அடிக்கடி செய்கிறவரா என்று கேட்பதே முக்கியம் என்பது என் கருத்து.

ஏனென்றால் அந்தக் குழி நெருக்கமானது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு முன் ஸ்கேலீனின் மேலேயே ஓடுகிறது. அதற்கு அடிபட்டால் மூச்சு வாங்கும். தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தும் நீண்ட நரம்பு அடிபட்டால் முதுகில் எலும்பு சிறகுபோல் துருத்தும். நுரையீரல் உறை கிழிந்தால் காற்று புகும். இடப்பக்கத்தில் நிணநீர்க் குழாய் கசியலாம். இவை எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன் நோயாளி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

நரம்பு வகையில் அறுவை உண்மையில் பலன் தருகிறதா என்ற சந்தேகம் நெடுங்காலமாக இருந்தது. நெதர்லாந்தில் பயிற்சியால் தேறாத 50 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் மறுபாதிக்குப் பழைய சிகிச்சையின் தொடர்ச்சியும் கொடுத்த ஆய்வு 2022இல் வெளியானது. மூன்று மாத முடிவில் அறுவை செய்தவர்களின் கை தெளிவாக மேலாக இருந்தது. சிறிய ஆய்வுதான். பயிற்சியை ஒழுங்காக முடித்தும் தேறாதவரை இன்னும் ஆறு மாதம் அதே பயிற்சியில் வைத்திருக்க எனக்கு இருந்த பிடிவாதத்தை அது தளர்த்தியது.

ஆனால் விளையாட்டு வீரருக்கு வாக்குறுதி எதுவும் தர முடியாது. அரிசோனா அணியின் பேஸ்பால் எறிவீரர் மெரில் கெல்லிக்கு 2020இல் தோளில் ரத்தக் கட்டி கண்டு அறுவை நடந்தது. 2023 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) இரண்டாம் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் எறிந்து வென்றார். 2019 டிசம்பரில் 24 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்ட வாஷிங்டனின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2021இல் விலா எடுத்துக்கொண்டார். அதன்பின் பெரிய மட்டத்தில் அவர் எறிந்தது ஒரே ஒரு ஆட்டம், 2022 ஜூனில்.

பிறகு

ரிச்சர்டுக்கு அந்த ஆண்டின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு பெரிய அறுவை நடந்தது. அடைபட்ட தமனிக்கு மாற்றுப்பாதை வைத்து வலக்கைக்கு ரத்தத்தைத் திருப்பிக்கொடுத்தார்கள். எந்தக் கையைச் சொல்லி ஜூன் முழுவதும் முறையிட்டாரோ அந்தக் கை ஒருவாறு தேறியது.

1981 வசந்தத்தில் மைதானத்துக்குத் திரும்பினார். எறிய முடிந்தது. ஆனால் பக்கவாதம் எதிர்வினை வேகத்தைக் குறைத்திருந்தது, தொலைவைக் கணிக்கும் பார்வையையும் கெடுத்திருந்தது. அடித்த பந்து எறிபவரை நோக்கித் திரும்பி வர அரை நொடிகூட ஆகாது. வருகிற பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கீழ்மட்ட அணிகளில் முயன்று பார்த்தார். 1984இல் அணி அவரை விடுவித்தது. பெரிய மட்டத்தில் ஒரு பந்துகூட அவர் பிறகு எறியவில்லை. 1990களின் நடுவில் வீடும் பணமும் போய் ஹூஸ்டனில் ஒரு பாலத்தின் அடியில் வாழ்ந்தார். அங்கிருந்து மீண்டு சமயப் பணியில் இருந்தார். 2021 ஆகஸ்ட் 4 அன்று 71 வயதில் இறந்தார்.

பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வில் கைகால் அசைவுக்கு நாங்கள் மாதக்கணக்கில் உழைக்கிறோம். பார்வையின் ஆழக் கணிப்புக்கு அன்று அவருக்கு என்ன பயிற்சி கிடைத்தது என்பதற்குப் பதிவு எதையும் நான் பார்க்கவில்லை. பாடம் எடுக்கும்போது மாணவர் ஒருவர் தவறாமல் கேட்பார்: ஜூலை 25 அன்றே ஹெப்பாரின் போட்டுப் படுக்க வைத்திருந்தால்? ஆஞ்சியோகிராமில் தெரிந்த அடைப்பு அப்போது தோளுக்கு வெளியேதான் இருந்தது, கவட்டுக்கு இன்னும் வரவில்லை என்று மட்டும் பதில் சொல்கிறேன். பிறகு ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துப் பழகச் சொல்கிறேன், இரு கையையும் ஒரே நேரத்தில்.